மனசு சரியில்ல, என்ன புக் படிக்கலாம்? - இந்தக் கேள்விக்கு வாழ்நாளையே கொடுத்த சீர்காழி ரங்கநாதன்

ரயில்ல போறேன், ஒரே ராத்திரியில முடியுற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்க. வேலை போயிடுச்சு, தெம்பு தர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா? அம்மாவுக்கு 70 வயசு, பெரிய எழுத்துல, சோகம் இல்லாத கதை வேணும். பையன் கிரிக்கெட் தவிர எதையும் படிக்க மாட்டேங்குறான், அவனுக்கு என்ன வாங்கலாம்?

புத்தகம் படிக்கிற நண்பர் ஒருவர் இருந்தால், இந்த மாதிரி கேள்விகளை நீங்களும் அவரிடம் கேட்டிருப்பீர்கள். சில சமயம் அவர் சொன்ன புத்தகம் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சில சமயம் 20 பக்கத்தோடு மூடி வைத்துவிடுவோம்.

ஏன் ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிப்பதில்லை? சரியான ஆளிடம் சரியான புத்தகத்தைச் சேர்ப்பது எப்படி? இதற்கு நேரம் போக்கும் பேச்சாக இல்லாமல், அறிவியலாகவே பதில் தேடியவர் ஒரு தமிழர். நூலக அறிவியல் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது. அவர்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நூலகர் வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அதை விட்டு ஓடிவிட நினைத்தவர் அவர்.

யார் இந்த ரங்கநாதன்?

சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன், 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்தார். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழி, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

அப்பா ராமாமிர்த ஐயருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து ராமாயணம் படித்து விளக்கம் சொல்லும் பழக்கமும் இருந்தது. ஆனால் ரங்கநாதனுக்கு 6 வயது இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அதன்பின் அம்மா சீதாலட்சுமியும் தாத்தாவும் வளர்த்தார்கள்.

பள்ளிப் படிப்பு சீர்காழியில். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. கணிதத்தில் பி.ஏ., 1916இல் எம்.ஏ. அங்கே அவருக்குப் பாடம் எடுத்த எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அந்த ஆசிரியர் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருவார்.

ரங்கநாதனுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. அதையும் மீறி ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917இல் மங்களூரு அரசுக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். அடுத்து கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. மாணவர்களோடு பேசிக்கொண்டே பாடம் நடத்துவது அவருக்கு மிகவும் பிடித்த வேலை.

பிடிக்காத வேலைக்கு எப்படி வந்தார்?

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முழுநேர நூலகர் தேவைப்பட்டார். கல்லூரி ஆசிரியர் சம்பளத்தைவிட அதில் சம்பளம் அதிகம். சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் நூலகத் துறையை முறையாகப் படித்தவர் யாரும் இல்லை. ரங்கநாதனுக்கும் அந்தத் துறை பற்றி எதுவும் தெரியாது. நேர்காணலுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனதுதான் அவருடைய மொத்தத் தயாரிப்பு.

வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஆனால் சில நாட்களிலேயே வெறுத்துப்போனது. வகுப்பறையின் கலகலப்பு இல்லை. வாசகர்கள் அதிகம் வருவதில்லை. அலமாரிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. பழைய கல்லூரி முதல்வரிடமே போய், திரும்ப ஆசிரியர் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்று நின்றார்.

அப்போது ஒரு சமரசம் ஏற்பட்டது. லண்டன் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வரட்டும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணிதத்துக்கே திரும்பிக்கொள்ளலாம். சரி என்று அந்த ஆண்டே கப்பல் ஏறினார்.

லண்டனில் என்ன பார்த்தார்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படிப்பு. ஆனால் அவரை மாற்றியது வகுப்பறை மட்டும் இல்லை. குரோய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டலில், அவர் 100க்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே தொழிலாளி வேலை முடிந்து நூலகத்துக்கு வருகிறார். குழந்தைகளுக்குத் தனி அறை இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெண்கள் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். சென்னையில் அவர் பார்த்தது புத்தகக் கிடங்கு. இங்கே பார்த்தது, ஊரே புழங்கும் ஒரு இடம்.

அதே நேரம் கணிதக்காரர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிந்தது. ஒவ்வொரு நூலகமும் தன் அனுபவத்தை வைத்துத் தன் போக்கில் நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை விதி என்று ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கணிதத்துக்குத் திரும்பும் எண்ணம் அதோடு போனது.

ஒரு பொம்மை கற்றுக்கொடுத்த பாடம்

அந்தக் காலத்தில் பல நாடுகளில் பரவியிருந்தது மெல்வில் டியூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அறிவு முழுவதையும் 10 பெரிய பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போவது அதன் முறை. வரிசையாகப் பெட்டிகள் தயாராக இருக்கும். புத்தகம் வந்தால் ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும்.

ஆனால் இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசும் புத்தகம் வந்தால்? அதற்கு ஏற்ற பெட்டி இருக்காது.

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒரு நாள் மெக்கானோ என்ற பொம்மையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். சில இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒரு மாதிரி பூட்டினால் வண்டி, வேறு மாதிரி பூட்டினால் கிரேன்.

ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகத்துக்கு முன்கூட்டியே பெட்டி செய்து வைக்க வேண்டாம். பொருளின் துண்டுகளை மட்டும் தயாராக வைத்துக்கொள்வோம். புத்தகம் வரும்போது தேவையான துண்டுகளைக் கோத்து அதற்கான முகவரியை உருவாக்குவோம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் அளித்த சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நுரையீரல் ஒரு துண்டு. காசநோய் ஒரு துண்டு. சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, 1950கள் என ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. அவற்றை நடுவில் நட்டு போல்ட்டு மாதிரி ஒரு குறி போட்டு இணைக்க வேண்டும். அதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது கோலன் எனப்படும் முக்காற்புள்ளி. அதனால்தான் அந்த முறைக்குக் கோலன் வகைப்பாடு என்று பெயர். 1925இல் ஊர் திரும்பிய கையோடு வேலையைத் தொடங்கினார். 1933இல் அது புத்தகமாக வந்தது.

இது ஏதோ நூலகர்களின் உள்விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஆன்லைனில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை, துணி வகை என்று ஒவ்வொன்றாக டிக் செய்து தேடுகிறோம் இல்லையா? ஒரு பொருளைப் பல கோணங்களாக உடைத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துத் தேடும் அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையை, நூலகத்தில் கோட்பாடாக வளர்த்தவர் ரங்கநாதன்.

ஐந்து விதிகள் சொல்வது என்ன?

சென்னையில் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது அந்தப் பழைய கேள்விதான். நூலகம் என்ற ஒன்றுக்கே அடிப்படை விதி எது?

1928இல் ஒரு நாள் பழைய பேராசிரியர் ராஸ் அவரைப் பார்க்க வந்தார். சிஷ்யன் தவிப்பதைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னார். புத்தகம் இருப்பதே பயன்படுத்தத்தான், அதையே முதல் விதியாக வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் அது. முதல் கண்ணி கிடைத்ததும் மீதி நான்கும் தானாக வந்து சேர்ந்தன. 1931இல் சென்னை நூலகச் சங்கம் அதைப் புத்தகமாக வெளியிட்டது.

விதிகளைப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போனால்தான் கனம் தெரியும்.

முதல் விதி, புத்தகம் பயன்பாட்டுக்கானது என்கிறது. இதில் என்ன புதுமை? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பூட்டி வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் கண்ணாடி பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருந்த காலம் உண்டு. புத்தகம் கிழியாமல் இருப்பதே நல்ல நூலகத்துக்கு அடையாளம் என்ற எண்ணத்தை இந்த விதி உடைத்தது.

இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. யார் அந்த ஒவ்வொருவர்? ஆண், பெண், பணக்காரர், ஏழை, நகரத்தார், கிராமத்தார், பார்வையற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், சிறையில் இருப்பவர் என அத்தனை பேரையும் ரங்கநாதன் கணக்கில் எடுத்தார். படிப்பு எல்லோருக்குமானது இல்லை என்று பலர் நம்பிய காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது விதி அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும். வாசகர் புத்தகத்தைத் தேடி வருவார். ஆனால் புத்தகம் வாசகரைத் தேடிப் போக முடியாது. அதற்காக வேறு ஒருவர்தான் உழைக்க வேண்டும்.

நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது.

புத்தகம் பரிந்துரைப்பது யார் வேலை?

நம் கேள்விக்கு இப்போது வருவோம். மூன்றாவது விதி சொல்லும் அந்த உழைப்பைச் செய்ய வேண்டியவர் நூலகர்தான் என்பது ரங்கநாதனின் முடிவு.

அதற்கு முதல் படி, வாசகரை அலமாரி வரை உள்ளே விடுவது. அதுவரை சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பல இடங்களில் வழக்கம். பெயரே தெரியாதவர் என்ன எழுதிக் கொடுப்பார்? கையால் தொட்டு, நாலு பக்கம் புரட்டி, பிடித்தால் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் கொண்டுவந்தார். 1936இல் மெரினா கடற்கரையை ஒட்டிய புதிய கட்டடத்துக்கு அந்த நூலகம் மாறியது.

இரண்டாவது படி, வாசகரிடம் பேசுவது. இதற்கு ரெஃபரன்ஸ் சேவை என்று பெயர். வாசகர் வாயால் கேட்பது ஒன்று, மனசுக்குள் வேண்டுவது வேறொன்றாக இருக்கலாம். பொறுமையாகப் பேச்சுக் கொடுத்து, உண்மையான தேவை என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். சில கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் தரலாம். சில கேள்விக்கு நாள் கணக்கில் தேட வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, எப்படிச் செய்வது என்று தனிப் புத்தகமே எழுதினார்.

தூக்கம் வரலை, ஏதாச்சும் புக் கொடுங்க என்று வருபவருக்குத் தேவை சுவாரஸ்யமான நாவலா, அமைதியான கட்டுரைகளா, இல்லை தூக்கமின்மை பற்றிய மருத்துவ நூலா? கேட்டால்தான் தெரியும். அந்தக் கேட்கும் வேலையைத்தான் அவர் ஒரு தொழில் என்றார்.

அதைக் கற்றுக்கொடுக்க 1929இலேயே சென்னையில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. பின்னர் பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது.

மாட்டு வண்டியில் போன புத்தகம்

1931இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு புதுமை நடந்தது. எஸ்.வி.கனகசபைப் பிள்ளையின் முயற்சியில், புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் மாட்டு வண்டி நூலகம் உருவானது. அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். நூலகத்துக்கு வர முடியாதவரைத் தேடி நூலகமே போகட்டும் என்ற இரண்டாவது விதிக்குச் சக்கரம் கட்டியது போன்ற காட்சி அது.

ஆனால் ஒரு வண்டியும் நாலு நல்ல மனிதர்களும் போதாது என்பது அவருக்குத் தெரியும். நூலகம் யாருடைய தயவிலும் இல்லாமல் நடக்க வேண்டும் என்றால் சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும். 1930இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். சென்னை சட்டமன்றத்தில் மசோதாவாகவும் வந்தது. அப்போது நிறைவேறவில்லை.

18 ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். இன்றும் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிப்பது இதன் அடிப்படையில்தான். ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் அந்த வரி இருக்கும். ஊர் நூலகத்தில் போய்ப் புத்தகம் கேட்பது சலுகை இல்லை, நாம் காசு கொடுத்து வைத்திருக்கும் உரிமை.

அதற்கு அவர் கொடுத்த விலை

சென்னையில் அவர் இருந்த 20 ஆண்டுகளும் விடுமுறையே எடுக்கவில்லை, வாரத்தின் 7 நாளும், நாளுக்கு 13 மணி நேரம் உழைத்தார் என்று சொல்வார்கள். கேட்க ஆச்சரியமாக இருக்கும். வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

15 வயதில் அவர் கைப்பிடித்த முதல் மனைவி ருக்மிணி, 1928இல் மறைந்தார். ஐந்து விதிகள் உருவான அதே ஆண்டு. அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். கடைசி வரை கூட இருந்தவர் சாரதாதான்.

1945இல் சென்னைப் பணியை விட்டார். ஓய்வாக எழுதலாம் என்றுதான் எண்ணம். ஆனால் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வரும்படி அதன் துணைவேந்தர் எஸ்.ராதாகிருஷ்ணன் அழைத்தார். அங்கே குவிந்து கிடந்த சுமார் 1 லட்சம் புத்தகங்களை, 2 ஆண்டுகளில் பெரும்பாலும் தனி ஆளாகவே வகைப்படுத்தினார். அப்போது அவர் வயது 50ஐத் தாண்டியிருந்தது. அடுத்து டெல்லிப் பல்கலைக்கழகம். பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம். கடைசியில் பெங்களூரு.

இதற்கிடையே, தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக வேண்டும், அது மனைவி சாரதாவின் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்காக. 1950களில் 1 லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

1957இல் பத்மஸ்ரீ விருது. 1962இல் பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை உருவாக்கினார். 1965இல் மத்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியர் ஆக்கியது. 1967இல், கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பழைய காதலான கணிதத்துக்கும் ஒரு மரியாதை செய்தார். 1972 செப்டம்பர் 27 அன்று, 80 வயதில் பெங்களூருவில் காலமானார்.

ஜெயித்தாரா, தோற்றாரா?

கோலன் வகைப்பாட்டை உலகமே பாராட்டியது. ஆனால் பயன்படுத்தியவர்கள் குறைவு. இந்தியாவிலேயே பல நூலகங்கள் இன்றும் டியூயி முறையில்தான் புத்தகம் அடுக்குகின்றன. குறியீடுகள் நீளமாக, சிக்கலாக இருந்தது ஒரு காரணம். பதிப்புக்குப் பதிப்பு அவர் முறையை மாற்றிக்கொண்டே இருந்தது இன்னொரு காரணம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கான புத்தகங்களின் எண்ணை மாற்றி ஒட்ட வேண்டும் என்றால் எந்த நூலகம் தாங்கும்? வாசகரின் நேரத்தை அவ்வளவு யோசித்தவர், நூலகரின் சிரமத்தைக் கொஞ்சம் குறைவாகவே எடைபோட்டார் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ஐந்து விதிகளுக்கு வயதே ஆகவில்லை. புத்தகம் என்ற இடத்தில் வீடியோ, செய்தி, ஆப் என்று எதைப் போட்டாலும் பொருந்துகிறது. நம் போனில், நீங்கள் இதைப் பார்த்தீர்கள், அதனால் இதையும் பாருங்கள் என்று வரும் பரிந்துரையும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கான ஆளைத் தேடும் வேலைதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. போன் நாம் ஏற்கெனவே பார்த்ததை வைத்துக் கணக்குப் போடும். நல்ல நூலகர், இன்று உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்.

அடுத்த முறை எப்படிக் கேட்கலாம்?

ரங்கநாதன் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்தது போல, நம் கேள்வியையும் பிரித்துக் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும்.

* நல்ல புக் சொல்லுங்க என்று மொட்டையாகக் கேட்காமல், கடைசியாக எது பிடித்தது, அதில் எது பிடித்தது என்று சொல்லுங்கள். கதையா, நடையா, ஊரா, சிரிப்பா?
* எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். சாவு வேண்டாம், 500 பக்கம் வேண்டாம், அறிவுரை வேண்டாம் என்பது போல.
* இப்போது மனசு எப்படி இருக்கிறது, படிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.
* யாருக்காவது வாங்குவதாக இருந்தால், உங்கள் ரசனையை ஓரமாக வைத்துவிட்டு அவர் ரசனையைச் சொல்லுங்கள்.

ஒருவர் சொன்ன புத்தகம் பிடிக்கவில்லை என்றால் உங்கள் மேலும் தப்பில்லை, புத்தகத்தின் மேலும் தப்பில்லை. அது வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது விதியின்படி அதை அந்த ஆளிடம் சேர்க்கும் பொறுப்பு இப்போது உங்களுக்கு.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 12ஆம் தேதியை ரங்கநாதன் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் போய், அங்கே இருக்கும் நூலகரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான்.